கனவிற் கழுகு: புள்ளின் பெயரும் பொருளும்

தோற்றுவாய்

கனவில் கழுகைக் காண்டல் இறப்பிற்கு அறிகுறி என்பது தமிழ்நாட்டில் பலரும் கூறும் ஒரு கருத்து. கனவுப் பலன் உரைக்கும் சிறு நூல்கள் பெரும்பாலும் இதனை ஒரே வரியிற் சொல்லி அமையும். அவ்வரியைப் படிப்பவர் அஞ்சுவர். அஞ்சியவர் கழுவாய் தேடுவர். ஆனால் அவ்வரியில் வரும் ‘கழுகு’ எந்தப் புள்ளைக் குறிக்கின்றது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொடரும் வடசென்னைக் கடற்கரையில் வாழ்வார் ஒருவர் ‘கழுகைக் கனாக் கண்டேன்’ என்று உரைப்பாராயின், அவர் கண்டது பிணந்தின்னும் பாறா, மீன் கவரும் பருந்தா, திருமாலின் ஊர்தியாகிய கருடனா, விவிலியத்தில் இளமை புதுக்கும் கழுகா? நான்கும் வெவ்வேறு, நான்கின் பொருளும் வெவ்வேறு. கனவுக்குறியின் பொருளை அறிவதற்கு முன்னர்ப் புள்ளின் பெயரைத் தெளிதல் வேண்டும் என்பதும், தமிழ் மரபில் கழுகுக்கு இறப்பு என்னும் ஒரு பொருளே உண்டு என்பது பொருந்தாது என்பதும் ஈண்டு நாம் நிறுவ முயலும் கருத்துகளாம்.

கனவும் புள்நிமித்தமும்

தமிழில் கனவைப் பற்றிய சிந்தனை மிகப் பழையது. தொல்காப்பியம் அகப்பொருளிற் கனவுக்கு இடந்தருகின்றது. திருக்குறளில் ‘கனவுநிலை உரைத்தல்’ என 122-ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. இவற்றிற் கனவு, பிரிந்தாரைக் கூட்டும் ஓர் உளநிலையே அன்றி வருவது உரைக்கும் குறியன்று. வருவது உரைக்கும் கனவு காப்பியங்களிலே தான் விரிவு பெறுகின்றது.

சிலப்பதிகாரத்துள் மூன்று கனவுகள் உள. கண்ணகி தான் கண்ட கனவைத் தேவந்திக்கு உரைக்கின்றாள். கோவலன் தான் கண்டதை மாடலனுக்கு உரைக்கின்றான். கோப்பெருந்தேவி தான் கண்டதைப் பாண்டியனுக்கு உரைக்கின்றாள். முதற்கனவிற் பெரும்பதியும் இடுதேள் போன்ற பொய்ப்பழியும், இரண்டாவதில் ஆடை இழத்தலும் கோட்டுமாவின் மேல் ஊர்தலும், மூன்றாவதில் செங்கோலும் வெண்குடையும் வீழ்தலும் இரவில் வில் தோன்றலும் பகலில் மீன் விழுதலும் குறிகளாக வருகின்றன. சீவக சிந்தாமணியில் விசயை காணும் கனவில் அசோகமரம் வீழ்கின்றது. அதன் முளை முடியோடு எழுகின்றது. இந்நான்கு கனவுகளும் இறப்பைச் சுட்டுவன. ஆயினும் ஒன்றிலேனும் கழுகு இல்லை. இஃது எண்ணத்தக்கது. இறப்பின் குறி கழுகே என்பது தமிழ் மரபின் உறுதியான கொள்கையாக இருந்திருப்பின், கோவலன் கனவிலும் விசயை கனவிலும் அது வாராமைக்குக் காரணம் என்னை?

விடை ‘புள்’ என்னும் சொல்லிலேயே உள்ளது. புள் என்பது பறவையையும் குறிக்கும், நிமித்தத்தையும் குறிக்கும். வடமொழியிற் சகுனம் என்னும் சொல்லும் அவ்வாறே இருபொருள் உடையது. பறவை நிமித்தம் நனவிற்கு உரியது. போருக்குச் செல்வார், பொருளுக்குச் செல்வார், மணங்கொள்வார் வழியிடைப் பறவையின் செலவையும் குரலையும் நோக்கினர். வான்மீகத்தில் கரன் படையெடுத்துப் புறப்படும்போது பெருங்கழுகு ஒன்று அவன் தேர்க்கொடியில் வந்து அமர்வதும் நனவில் நிகழ்ந்த நிமித்தமே. ஆகவே நனவுக்குரிய புள்நிமித்தம் பிற்காலத்திற் கனவுக்கும் ஏற்றியுரைக்கப்பட்டது எனக் கருதுவது பொருந்தும். பொன்னவன் என்பார் பெயரால் வழங்கும் கனா நூலும், அதனை எடுத்தாளும் அடியார்க்குநல்லார் உரையும் கனவுக்கெனத் தனி இலக்கணம் வகுக்கப்பட்டமைக்குச் சான்றாம். முதல் யாமத்துக் கனா ஓராண்டிற் பயன்தரும். வைகறைக் கனா பத்து நாளிற் பயன்தரும் என்னும் முறை அவ்விலக்கணத்தின்பாற்பட்டது.

பாறு, எருவை, பருந்து, கழுகு

சங்கப் புலவர் இப்பறவைகளைத் தெளிவாக வேறுபடுத்தினர். பாறு, எருவை என்பன பிணந்தின்னும் பெரும்பறவைகள். பருந்து வேட்டையாடியும் கவர்ந்தும் உண்ணும் சிறியதோர் இனம். வெளிமான் இறந்தபோது பெருஞ்சித்திரனார் பாடிய புறநானூற்று 238-ஆம் பாட்டில், பிணம் இட்டுக் கவித்த தாழியின்மேற் செவி சிவந்த சேவலும் பொகுவலும் அஞ்சாது வீற்றிருக்கின்றன. தலையும் செவிப்புறமும் சிவந்து, கழுத்தருகே சிவந்த தோல்மடிப்புத் தொங்கும் பறவையை இன்றைய பறவை நூலார் செந்தலைப் பாறு என்பர். உரையாளர் ‘ஒருவகைப் புள்’ என்று கூறி நிற்கும் இடங்களிற் கூடப் புலவர் கண்ணாற் கண்டே பாடினர் என்பதற்கு இவ்வொரு சான்றே அமையும்.

பிற்காலத்தில் கழுகு என்னும் சொல் பாறு, எருவை இரண்டையும் உள்ளடக்கிற்று. அண்மைக் காலத்தில் அச்சொல்லின் பொருள் மீண்டும் திரிந்தது. ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தோர், வேட்டையாடும் பெரும்புள்ளுக்கும் கழுகு என்றே பெயரிட்டனர். அதனாற் பழைய கழுகுக்குப் ‘பிணந்தின்னிக் கழுகு’ என அடைகொடுக்க நேர்ந்தது. இன்று காட்டுயிர்ப் பாதுகாப்பாளர் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு எனச் சங்கச் சொல்லையே மீட்டு வழங்குகின்றனர். மொழிநூலார் போற்றத்தக்க செயல் இது. கனவுப் பலன் நூல்களோ இவ்வேறுபாடு எதனையும் அறியாமல், வீரத்திற்குரிய வேட்டைப்புள்ளின் பலனையும் சுடுகாட்டுப் புள்ளின் பலனையும் ஒரு பெயரின்கீழ்த் தொகுத்துவிடுகின்றன. ஒரே நூலிற் கழுகுக்கு உயர்வும் இறப்பும் மாறிமாறிப் பலனாகக் கூறப்படுமாயின் அதற்குக் காரணம் இதுவே எனலாம்.

பிணந்தின்னும் புள்ளும் தந்தையாகிய புள்ளும்

இறப்போடு தொடர்புடையதாயினும் இப்பறவை தமிழரால் இழிக்கப்பட்டதன்று. புறப்பாடல்களிற் போர்க்களத்தின்மேற் பருந்தும் பாறும் வட்டமிடுதல் வென்ற மன்னனின் புகழாகவே பாடப்படுகின்றது. பகைவர்க்கு அது தீக்குறி. வென்றார்க்கு அது நற்குறி. பரணி நூல்களும் இம்மரபையே பெருக்கின. எனவே புறத்திணையிலேயே குறியின் பொருள், காண்பான் யாவன் என்பதனைச் சார்ந்து மாறுகின்றது.

இராமகாதை இதனினும் உயர்ந்ததொரு பொருளை நல்கிற்று. சடாயு கழுகின் வேந்தன். பிணந்தின்னும் இனத்தில் தோன்றியவன். கம்பர் ஆரணிய காண்டத்துச் சடாயு உயிர்நீத்த படலத்தில் அவனை அறத்தின் பொருட்டு உயிர் கொடுத்த தந்தையாக்குகின்றார். இராமன் மகன் நிலையில் நின்று ஈமக்கடன் ஆற்றுகின்றான். பிணத்தை உண்ணும் புள்ளுக்கு மனிதன் பிணக்கடன் கழிக்கும் இந்நிகழ்ச்சி தமிழ்நாட்டின் பல ஊர்களில் வேரூன்றியுள்ளது. புள்ளிருக்குவேளூரில் சடாயு குண்டம் காட்டப்படுகின்றது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள திருப்புட்குழியும், குடந்தைக்கு அண்மையிலுள்ள திருப்புள்ளம்பூதங்குடியும் இக்கடனையே தலவரலாறாகக் கொண்டுள்ளன. கிட்கிந்தா காண்டத்துச் சம்பாதியோ, சேய்மைக்கண் உள்ள இலங்கையைத் தன் பார்வையாற் காட்டி வழிதெரியாத வானரர்க்கு வழிகாட்டுகின்றான்.

திருக்கழுக்குன்றம் இன்னுமொரு சான்று. நண்பகலில் இரு கழுகுகள் குன்றின்மேல் இறங்கி அமுதுண்ணும் வழக்கம் அத்தலத்திற் பன்னெடுங்காலம் நிலவிற்று. மக்கள் அவற்றைச் சாபம் பெற்ற முனிவர் எனக் கொண்டு வணங்கினர். 20-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு அவற்றின் வரவு நின்றுவிட்டது. இத்தலத்து மரபில் வளர்ந்தார் ஒருவர்க்குக் கழுகுக் கனா கடவுட்காட்சியாகத் தோன்றுதல் இயல்பே.

வடசென்னையில் ஒரு சொல்லும் பல பொருளும்

நூல்களிற் கண்ட இவ்வேறுபாட்டை வாழும் ஊரிற் காணுதற்கு வடசென்னை ஏற்ற இடம். சில கல் தொலைவிற்குள் ஒரே சொல் பல சமய, தொழில் மரபுகளில் பல பொருள் தாங்கி நிற்பதை இங்குக் காணலாம்.

முதலாவது, திருவொற்றியூர். சேக்கிழார் உரைத்தவாறு, சங்கிலியார்க்கு இறைவன் கனவிற் தோன்றிச் சுந்தரரை மணக்குமாறு பணித்ததும், சூளுறவு மகிழின் கீழ் நிகழ வேண்டும் என உணர்த்தியதும் இவ்வூரிலேயாம். ஈண்டுக் கனவு குறியாற் பேசவில்லை; நேராகவே பேசுகின்றது. ஆதலின் எல்லாக் கனவுக்கும் குறிப்பொருள் தேட வேண்டும் என்பதில்லை என்பதனை இவ்வூர்க் கனவு கற்பிக்கின்றது. இதே ஊர்க் கடற்கரையிற் பட்டினத்தார் நிறைநிலை எய்திய இடம் உள்ளது. அவர் பாடலொன்றில் தீயும் புழுவும் மண்ணும் பருந்தும் நரியும் நாயும் இவ்வுடல் எனக்கு எனக்கு என்று உரிமை கொண்டாடுகின்றன. ஈண்டுப் பிணந்தின்னும் புள் அச்சக்குறியன்று. நிலையாமையை உணர்த்தும் ஆசிரியன். பட்டினத்தார் மரபில் நிற்பார்க்கு அப்புள் கனவில் தோன்றின், அது துறவுக்கு அழைப்பாகும்.

இரண்டாவது, இராயபுரம். புனித இராயப்பர் பெயரால் ஊர்ப்பெயர் அமைந்தது என்பர். அவர் பெயரால் அமைந்த தேவாலயம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் படகுத்தொழில் செய்த கிறித்தவர்களால் எழுப்பப்பட்டது. தமிழ் விவிலியத்திற் கழுகு என்னும் சொல் கடவுளுக்குக் காத்திருப்போரின் புதிய வலிமைக்கும், திரும்ப வரும் இளமைக்கும் உவமையாக வருகின்றது. எபிரேய மூலத்துச் சொல் ‘நெஷர்’ என்பது. மீகா நூலில் அப்பறவையின் மொட்டைத்தன்மை சுட்டப்படுதலின், அது வேட்டைப்புள் அன்று, தலையில் இறகற்ற பாறே எனக் கொள்வார் பலர். ஆங்கிலத்தில் வேட்டைப்புள்ளாக மாறியது தமிழிற் கழுகாகவே நின்றமையின், மூலத்தின் பொருளுக்குத் தமிழே அண்மையிலுள்ளது என்பது வியப்பிற்குரியது. இராயபுரத்துக் கிறித்தவர் ஒருவர் கழுகைக் கனாக் கண்டு வலிமையின் வாக்கு எனக் கொள்ளலாம்; அடுத்த தெருவினர் அதே சொல்லைக் கேட்டு நடுங்கலாம்.

மூன்றாவது, அதே இராயபுரத்திற் பார்சியரின் தீக்கோயில் 1910 முதல் உள்ளது. நிலத்தையும் நீரையும் தீயையும் பிணத்தால் மாசுபடுத்தலாகாது என்பது அச்சமயக் கொள்கை. அதனால் மும்பை முதலிய இடங்களில் அமைதிக் கோபுரங்களில் உடலைக் கழுகுக்கு அளித்தனர். சென்னையில் அக்கோபுரம் இன்மையின் இங்குள்ளார் அடக்கமே செய்கின்றனர். ஆயினும் அம்மரபில் கழுகு தூய்மையின் துணை. அது பிணத்தைத் தீண்டுதல் இழிவன்று, அறப்பணி.

நான்காவது, காசிமேட்டு மீன்பிடி துறைமுகம். வலைகள் இறங்கும் வேளையில் அங்கு வானில் வட்டமிடுவன கரும்பருந்தும் செம்பருந்துமே. செம்பருந்தைக் கருடன் என்று கண்டு வணங்குவாரும் உளர். அப்பறவைகளை நாள்தோறும் காணும் தொழிலாளர் இரவில் அவற்றைக் கனவிலும் காணுதல் இயல்பு. அதனைக் ‘கழுகு’ என்று கூறுதலும் வழக்கில் உண்டாகலாம். அவ்வொரு சொல்லைக் கொண்டு இறப்பின் பலன் உரைப்பது, மீன் கவர வந்த பருந்தைப் பிணந்தின்னும் பாறாக்கும் பிழையாகும். கடலுக்குச் செல்வார் வாழும் ஊரில் இப்பிழையின் விளைவு சிறிதன்று.

மருத்துவ நூலும் கிரேக்க நூலும்

இவ்விடர்ப்பாட்டைப் பழைய நூலாசிரியர்கள் உணர்ந்திருந்தனர். சரக சங்கிதையின் இந்திரியத்தானம், கழுகு, கூகை, நாய், காகம் முதலியவற்றால் கனவிற் சூழப்படுதலை நோயாளிக்குத் தீக்குறியாகக் கூறுகின்றது. ஈண்டு நோக்கற்பாலன இரண்டு. கூறப்பட்டது கழுகைக் காண்டல் அன்று, கழுகு முதலியவற்றாற் சூழப்படுதல். கூறப்பட்டது நோயுற்றார் நிலைபற்றியது, எல்லார்க்கும் பொதுவன்று. மேலும் அந்நூலே கனவை எழுவகைப்படுத்துகின்றது: கண்டது, கேட்டது, நுகர்ந்தது, விரும்பியது, புனைந்தது, வருவது உணர்த்துவது, தோடத்தால் எழுவது. இவற்றுள் முதலைந்தும் பயனற்றவை என்பது அந்நூலின் துணிபு. இவ்விதிப்படி காசிமேட்டுத் தொழிலாளர் பகலிற் கண்ட பருந்தை இரவிற் காணும் கனா ‘கண்டது’ என்னும் வகையைச் சாரும். கழுகைத் தீக்குறியாக்கிய நூலே அக்கனவுக்குப் பயனில்லை என்று கூறி அஞ்சுவாரை விடுவிக்கின்றது.

கிரேக்கத்தில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டினராகிய அர்த்தெமிதோரசு இயற்றிய கனவு நூல் இன்னொரு நெறியைக் காட்டுகின்றது. அவர் கருத்துப்படி கழுகுக் கனா குயவர்க்கும் தோல் பதனிடுவார்க்கும் நன்று. அவர்கள் ஊர்ப்புறத்தே வாழ்பவர், இறந்த உடலைத் தீண்டும் தொழிலும் அவரிடை உண்டு. மருத்துவர்க்கும் நோயாளர்க்கும் அதுவே தீது. பறவை ஒன்றே, பொருள் காண்பான் தொழிலால் மாறுகின்றது. புறநானூற்றில் வென்றார்க்கும் தோற்றார்க்கும் பொருள் மாறுபட்டதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

பெயர் பிழைத்தால் பொருள் பிழைக்கும்

பெயரின் பிழை எத்துணைப் பெரிய கட்டிடத்தையும் சாய்க்கும் என்பதற்கு 20-ஆம் நூற்றாண்டு உளநூல் வரலாறு சான்று தருகின்றது. 1910-இல் சிக்மண்ட் பிராய்டு, லியனார்தோ தா வின்சியின் இளமை நினைவொன்றை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். தொட்டிலிற் கிடந்தபோது ஒரு பறவை வந்து தன் வாயை வாலால் திறந்து இதழிற் பலமுறை அடித்ததாக லியனார்தோ எழுதியிருந்தார். பிராய்டு இதனை உண்மை நினைவாகக் கொள்ளாமல், கனவைப் போன்று பின்னர் எழுந்த புனைவாகக் கொண்டார். அவர் படித்த செருமானிய மொழிபெயர்ப்பில் அப்பறவை கழுகு என்றிருந்தது. எகிப்தியர் கழுகைத் தாயின் குறியாகக் கொண்டதும், மூத் என்னும் தாய்த்தெய்வம் கழுகுத்தலை உடையதாகக் காட்டப்பட்டதும், கழுகினத்தில் ஆணே இல்லை என்னும் பழங்கதையும் அவர் வாதத்திற்குத் தூண்களாயின.

ஆனால் லியனார்தோ இத்தாலிய மொழியில் எழுதிய சொல் ‘நிப்பியோ’. அதன் பொருள் பருந்து. 1923-இல் எரிக் மக்ளகன் இப்பிழையைச் சுட்டினார். 1956-இல் கலைவரலாற்றாசிரியர் மேயர் சபிரோ இதனை விரித்து ஆராய்ந்தார். பருந்தின் பறத்தலை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவர்க்குப் பருந்தே நினைவில் வருதல் இயற்கை. எகிப்தியத் தாய்த்தெய்வம் அங்கு வேண்டப்படுவதில்லை. லியனார்தோவின் உளத்தைப் பற்றிப் பிராய்டு கூறிய பிறவற்றை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். கழுகைச் சார்ந்த பகுதி நிற்கவில்லை என்பதில் ஐயமில்லை. பருந்தைக் கழுகாக்கிய அதே பிழைதான் காசிமேட்டுக் கனவிலும் நேரக்கூடியது.

காணாத புள்ளைக் கனவிற் காண்டல்

இன்றைய ஆராய்ச்சியாளர் எதிர்கொள்ளும் புதியதோர் இடர் உண்டு. 1990-களில் தொடங்கி இந்தியாவிற் பாறுகள் பேரளவில் மடிந்தன. கால்நடைக்கு வலிநீக்கத் தரப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து இறந்த விலங்கின் உடலில் தங்கி, அதனை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என 2004-இல் அறியப்பட்டது. 2006-இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து இந்தியாவிற் தடைசெய்யப்பட்டது. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் நூற்றுக்கு 99-க்கு மேல் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்று பாறுகள் எஞ்சி வாழும் முதன்மையான இடம் முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் சார்ந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கே.

ஆகவே வடசென்னையின் இளந்தலைமுறையினர் உயிருள்ள பாற்றைத் தம் ஊர் வானிற் கண்டவர் அல்லர். அவர்கள் கனவில் வருவது திரைப்படத்திற் கண்டதாகவோ, பாடநூலிற் படித்ததாகவோ, முதியோர் சொல்லக் கேட்டதாகவோ தான் இருத்தல் கூடும். பெருஞ்சித்திரனார் தாழிமேற் கண்ட புள், நனவிலிருந்து நீங்கிச் சொல்லில் மட்டும் தங்கியிருக்கின்றது. புள் மறைந்தபின் அதன் பன்முகப் பொருளுள் அச்சம் ஒன்றே எஞ்சுமாயின், சடாயுவின் தந்தைமையும் பட்டினத்தாரின் தெளிவும் கழுக்குன்றத்தின் வழிபாடும் வழக்கிலிருந்து மறைந்துபோம். கழுகை அஞ்சத்தக்கதாக மட்டும் எண்ணும் மக்கள், எஞ்சிய பாறுகளைக் காப்பதிலும் நாட்டங்கொள்ளார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. காப்பியக் கனவுகளிற் கழுகு இறப்புக்குறியாக வரவில்லை. நனவின் புள்நிமித்தமே பிற்காலத்திற் கனவுக்கு ஏற்றப்பட்டது எனக் கொள்ள இடமுண்டு. கழுகு என்னும் சொல் பாறு, எருவை, வேட்டைப்புள் எனப் பலவற்றைத் தழுவி, சில வழக்கில் பருந்தையும் தீண்டி நிற்றலால், அச்சொல்லை மட்டும் கொண்டு பலன் உரைத்தல் தகாது. இறப்பு, வெற்றி, தந்தைமை, வழிகாட்டல், நிலையாமை, தூய்மை, புத்திளமை எனப் பல பொருள்களை மரபு அப்புள்ளுக்கு வழங்கியுள்ளது.

நாட்டார் கனவுகளைத் தொகுக்க முற்படும் மாணவர் நான்கு வினாக்களை முதற்கண் வினவுதல் நன்று. கண்ட புள்ளின் வடிவும் நிறமும் யாவை? அது கனவில் என் செய்தது: உண்டதா, வட்டமிட்டதா, அமர்ந்திருந்ததா, வீழ்ந்ததா? கண்டார் எத்தொழிலினர், எம்மரபினர்? அப்புள்ளை அவர் பகலிற் கண்டதுண்டா? இந்நான்கிற்கும் விடை கிடைத்த பின்னரே பொருளாராய்ச்சி தொடங்குதல் முறை. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கனவு உரைக்கும் முதியோர் இன்னும் உளர். அவர்கள் கூறுவதை அவர்கள் வழங்கும் பறவைப்பெயரோடும் அப்பெயருக்குரிய பறவையின் வண்ணனையோடும் எழுதிவைத்தல் இத்துறையில் உடனே செய்தற்குரிய பணியாம்.